வேரைப் பார்க்கும் இரண்டு வாரம்: நீலகிரி உருளைக்கிழங்கு நூற்புழுவும் பயிற்சி நாள்காட்டியும்

நீலகிரியில் உருளைக்கிழங்குக்கு ஆண்டில் மூன்று போகம். ஜனவரி, பிப்ரவரியில் பாசன நீரை நம்பி நடுவது நீர்போகம். மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்ததும் நட்டு, தென்மேற்குப் பருவமழையில் வளர்த்தெடுப்பது கார்போகம். ஆகஸ்ட், செப்டம்பரில் நட்டு ஆண்டு முடிவதற்குள் தோண்டுவது கடைபோகம். எந்தப் போகத்துக்கும் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. இந்திய வானிலைத் துறையும் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து தரும் வேளாண் வானிலை அறிக்கை வாரந்தோறும் செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. 2004 முதல் கிசான் அழைப்பு மையம் 1800-180-1551 என்ற எண்ணில் தமிழிலேயே பதில் சொல்கிறது. 2018 முதல் உழவன் செயலி இருக்கிறது. உதகையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், குன்னூரில் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் வேளாண் அறிவியல் நிலையம், மறுபடி உதகையில் மண், நீர்ப் பாதுகாப்புக்கென ஓர் ஆராய்ச்சி மையம். இவை போதாதென்று தோட்டக்கலைத் துறை அட்மா என்ற வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமைத் திட்டத்தின்கீழ் நடத்தும் பயிற்சிகள். சமவெளியில் பெரிய மாவட்டங்களுக்கே இந்தக் கொடுப்பினை கிடையாது.

இவ்வளவும் இருந்தும், 1961இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட, உருளைக்கிழங்கு வேரை உறிஞ்சி வாழும் நுண்ணிய நூற்புழு ஒன்று இன்றும் அதே மண்ணில் குடியிருக்கிறது. அதை அடக்குவதற்கான அறிவுரைகள் பெரும்பாலும் சரியானவை. அறுபது ஆண்டு ஆராய்ச்சி வீண்போகவில்லை. ஆனால் பயிற்சி நடக்கும் நாளும் பயிரின் நாளும் ஒத்துப்போகவில்லை. பயிற்சிக்கு அழைக்கப்படுபவர் ஒருவர், செடியின் வேரைக் கண்ணால் காண்பவர் வேறொருவர். இந்த விஷயத்தில் கவனிக்க வேண்டிய சிக்கல் இதுதான் என்பது என் கருத்து.

வார அறிக்கை வெல்லும் இடம்

முதலில் எது நன்றாக நடக்கிறது என்று சொல்லிவிடலாம். உருளைக்கிழங்கின் பின்பருவ இலைக்கருகல் நோய் குளிர்ந்த ஈரக் காற்றில் பரவும், பூஞ்சையை ஒத்த நுண்ணுயிரால் வரும் நோய். மூடுபனி இரண்டு மூன்று நாள் விலகாமல் நின்றால் இலை ஓரத்தில் நீர் கோத்த கரும்புள்ளி தெரியும். இலையைத் திருப்பினால் அடியில் வெண்மை படர்ந்திருக்கும். இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டால் தோட்டமே கருகிப்போகும். இதற்கு வார அறிக்கை கச்சிதமாகப் பொருந்துகிறது. ஈரப்பதம் கூடப்போகிறது என்று வெள்ளிக்கிழமை தெரிந்தால் சனிக்கிழமை மருந்தடிக்கலாம். நட்ட 45, 60, 75ஆம் நாட்களில் லிட்டருக்கு 2 கிராம் மேங்கோசெப் பூஞ்சைக்கொல்லி என்ற பரிந்துரை மலையில் பலருக்கும் மனப்பாடம். அடித்தவர் தோட்டமும் அடிக்காதவர் தோட்டமும் அடுத்தடுத்து இருக்கின்றன. எது பச்சை, எது கருப்பு என்று சாலையிலிருந்தே தெரிகிறது. இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.

நூற்புழுவுக்கு இந்த வசதி எதுவும் இல்லை.

மண்ணுக்குள் காத்திருப்பது

1820களில் ஜான் சல்லிவனின் காலத்தில் மலையேறிய உருளைக்கிழங்கு, நீலகிரியின் அமிலத்தன்மை கொண்ட செம்மண்ணிலும் குளிரிலும் நன்றாகவே ஊன்றிக்கொண்டது. உருளைக்கிழங்கின் தாயகமான தென் அமெரிக்க ஆண்டிஸ் மலையே முட்டைக்கூட்டு நூற்புழுவின் தாயகமும். ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணோடு இங்கே வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. 1961இல் உதகை வந்த ஆங்கிலேய நூற்புழு வல்லுநர் ஜோன்ஸ் அதை இங்கே அடையாளம் கண்டார். பிறகு கொடைக்கானல் மலையிலும் அது இருப்பது தெரிந்தது. 1971இல் நீலகிரி விதைக்கிழங்கு வெளியூர் போகக்கூடாது என்று உள்நாட்டுத் தடை வந்தது. இந்தியாவில் இது தமிழ்நாட்டு மலைகளின் தலைவலி மட்டும்தான் என்று நெடுங்காலம் நம்பியிருந்தோம். 2018இல் இமாச்சலம், உத்தரகண்ட், ஜம்மு காஷ்மீர் விதைக்கிழங்குக்கும் இதே காரணத்தால் மத்திய அரசு தடை போட்டபோது அந்த நம்பிக்கை கலைந்தது.

இந்தப் புழுவின் வாழ்க்கை முறையைப் புரிந்துகொள்ளாமல் பயிற்சியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பெண் புழு வேருக்குள் தலையைப் புதைத்து உறிஞ்சி உருண்டையாகப் பருக்கிறது. வேரின் தோலைக் கிழித்துக்கொண்டு அதன் உடல் வெளியே துருத்துகிறது. முதலில் வெள்ளை. இங்குள்ள இரண்டு இனங்களில் ஒன்று பிறகு பொன்மஞ்சளாக மாறும். தங்க நூற்புழு என்ற பெயர் அதனால் வந்தது. மற்றது வெளிர்நிறத்திலேயே இருந்துவிட்டுப் பழுப்பாகும். இறந்த தாயின் தோலே கெட்டிப்பட்டு முட்டைக்கூடாகிறது. ஒவ்வொன்றிலும் 200 முதல் 500 வரை முட்டைகள். கூடு வேரிலிருந்து உதிர்ந்து மண்ணில் கிடக்கும். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, இருபது வருடம்கூடக் கிடக்கும். உருளைக்கிழங்கோ தக்காளியோ கத்தரியோ அருகில் வேர்விட்டு, அந்த வேரின் கசிவு மண்ணில் கலந்தால்தான் பெரும்பாலான குஞ்சுகள் முட்டையை விட்டு வெளியே வருகின்றன.

தாக்கப்பட்ட செடி மேலே எப்படித் தெரியும்? தோட்டத்தில் அங்கங்கே திட்டுத் திட்டாகக் குட்டைச் செடிகள், வெளிறிய இலை, வெயிலேறினால் வாட்டம். உரம் போதவில்லை என்று எவரும் நினைப்பார்கள். அப்படி நினைப்பதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. நீலகிரி மண்ணின் அமிலத்தன்மை மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, செடிக்குக் கிடைக்காமல் பிடித்துவைத்துக்கொள்ளும். சத்துக்குறையாலும் செடி இதே தோற்றத்தில் குன்றும். ஆக ஒரே அறிகுறிக்கு இரண்டு காரணம். எது என்று வேர் மட்டுமே சொல்லும். வேரைப் பார்க்காதவர் இன்னொரு மூட்டை உரம் வாங்குகிறார். செடி தேறவில்லை என்றால் அதற்கடுத்த போகத்தில் இன்னொன்று.

வேரில் உருண்டைகள் கண்ணுக்குத் தெரிவது எப்போது? நட்ட சுமார் 60ஆம் நாளை ஒட்டி. அதற்கு முன் உருண்டை பருத்திருக்காது. அதற்குப் பின் பழுப்பாகி மண் நிறத்தோடு கலந்து உதிர்ந்துவிடும். அரை மில்லிமீட்டர் அளவுள்ள அந்த உருண்டையைக் கைலென்ஸ் இல்லாமலும் பார்க்க முடிகிற காலம், ஒரு போகத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம்.

கேரட் செய்த வைத்தியம்

1960களின் பிற்பகுதியில் இந்தோ-ஜெர்மன் வேளாண் திட்டம் நீலகிரிக்கு வந்தது. உரமும் பயிர்ப் பாதுகாப்பு மருந்தும் பெரிய அளவில் மலையேறிய காலம் அது. நூற்புழுவுக்கு மண்ணில் இடும் குருணை மருந்துகள் பல ஆண்டு பரிந்துரையில் இருந்தன. அவை ஒரு போகத்தைக் காப்பாற்றும். கூட்டுக்குள் தூங்கும் முட்டைகளை முழுதாக அழிக்காது. மாயாற்றுக்கும் பவானிக்கும் நீர் தரும் சரிவுகளில் அவ்வளவு நஞ்சைக் கொட்டுவதை இன்று யாரும் நியாயப்படுத்த மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

1985இல் வெளியான, நூற்புழுவை எதிர்க்கும் குஃப்ரி ஸ்வர்ணா என்ற உருளைக்கிழங்கு ரகம் நல்ல முன்னேற்றம். எதிர்ப்புத்திறன் உள்ள ரகத்தின் வேரும் புழுவை முட்டையிலிருந்து வெளியே அழைக்கும்; ஆனால் வந்த புழுவால் உண்டு பெருக முடியாது. ஆக ரகமே பொறியாகிறது. பின்னால் குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி என்று மேலும் வந்தன. இங்கே இரண்டு இனம் கலந்து கிடப்பதால் ஒரே ரகத்தை ஓயாமல் நட்டால் அது எந்த வகைப் புழுவைத் தடுக்கவில்லையோ அது பெருகும். அதனால்தான் எதிர்ப்பு ரகம், வழக்கமான ரகம், வேற்றுப் பயிர் என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்கிறார்கள். வேப்பம் பிண்ணாக்கு, எக்டருக்கு 10 கிலோ சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா, கடுகு ஊடுபயிர் ஆகியவை துணைக்கு. தனித்து நின்று எதுவும் ஜெயிக்காது.

ஆனால் நூற்புழுவின் எண்ணிக்கையைப் பல தோட்டங்களில் உண்மையாகக் குறைத்தது எது என்று கேட்டால், எந்தப் பயிற்சி முகாமும் இல்லை, கேரட் என்றுதான் சொல்வேன். கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா பக்கம் கேரட் லாபம் தந்தபோது விவசாயிகள் உருளைக்கிழங்கை விட்டு நகர்ந்தார்கள். மூன்று நான்கு ஆண்டு உருளைக்கிழங்கு போடாமல் இருங்கள் என்று நிலையங்கள் சொல்லிக்கொண்டிருந்ததை மேட்டுப்பாளையம் மண்டியின் விலைப்பலகை நடத்திக் காட்டியது. விருந்தில்லாத புழு வருடா வருடம் குறையும்.

இதில் இரண்டு ஓட்டைகள். கேரட் வயலில் முந்தைய போகத்தில் தப்பிய கிழங்கு தானாக முளைக்கும். வீட்டுச் செலவுக்கு ஆகட்டுமே என்று அதை விட்டுவைப்பது வழக்கம். பத்துப் பதினைந்து செடி போதும், புழு வம்சம் அறுபடாமல் தொடர. எந்த அறிவுரை அறிக்கையிலும் இதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதை நான் கண்டதில்லை. என்னைக் கேட்டால் இதைத்தான் முதல் வரியாகப் போடுவேன்.

இரண்டாவது, கேரட்டுக்குப் பிறகு கேரட், அதற்குப் பிறகும் கேரட் என்று ஆனது. இப்போது கேரட்டையே தாக்கும் வேறொரு முட்டைக்கூட்டு நூற்புழு நீலகிரியில் பதிவாகியிருக்கிறது. வேர்முடிச்சு நூற்புழு முன்பே உண்டு. ஒன்றுக்கு மருந்தாக வந்த பயிர் இன்னொன்றுக்கு விருந்தாகிவிட்டது. இனிச் சுழற்சி என்றால் உருளை, கேரட் இரண்டோடு நிற்காமல் முட்டைக்கோஸ், பூண்டு, பீன்ஸ், பீட்ரூட் போன்ற மூன்றாவது நான்காவது பயிருக்கும் இடம் வேண்டும்.

நான்காண்டுச் சுழற்சி யாருக்குச் சாத்தியம் என்பதையும் பேச வேண்டும். சொந்தப் பட்டாவும் மூன்று நான்கு பிரிவு நிலமும் உள்ளவருக்குச் சரி. ஓராண்டுக் குத்தகைக்கு அரை ஏக்கர் எடுத்தவர் அடுத்தவர் அனுபவிக்கப்போகும் மண்ணுக்காக இந்த ஆண்டு விலையை இழப்பாரா? இழக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. பெரும்பாலான திட்டங்களுக்குப் பட்டா நகல் வேண்டும் என்பதால் இவர் பெயர் பயிற்சிப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

கூடத்தில் நடந்ததும் வாளியில் தெரிந்ததும்

ஒரு பயிற்சி முகாம், மார்ச் மாதக் கடைசி. காலை பத்தரைக்குத் தொடக்கம் என்று அழைப்பிதழ், பதினொன்றரைக்குக் குத்துவிளக்கு. கூடத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நடுவயது ஆண்கள். திரையில் நூற்புழுக் கூட்டின் படம் எலுமிச்சைப் பழ அளவுக்குத் தெரிந்தது. பேசியவர் விஷயம் தெரிந்தவர், தமிழும் தெளிவாக இருந்தது. கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "இவ்வளவு பெரிய புழு எங்கள் காட்டில் இருந்தால் நாங்கள் பார்த்திருக்க மாட்டோமா, சார்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை அது. நுண்ணோக்கிப் படத்தைக் காட்டி, உண்மை அளவைச் சொல்லாமல் விட்டால் இப்படித்தான் புரியும்.

நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க மார்ச்சில் பயிற்சி வைக்கிறார்கள் என்று குறைசொல்வது எளிது. அந்த அவசரத்தில் ஒரு நல்ல வாய்ப்பு ஒளிந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. ஜனவரி நடுவில் நட்ட நீர்போகச் செடிக்கு மார்ச் நடுவில் 60 நாள். மழையில்லை, வானம் தெளிவு, வேரைப் பிடுங்கிப் பார்க்க ஆண்டிலேயே இதைவிட நல்ல பருவம் கிடையாது. கூடத்தைப் பூட்டிவிட்டு, பதினைந்து நாள் முன்னதாக, நீர்போகம் நட்ட தோட்டத்துக்கு எல்லாரையும் கூட்டிச்சென்றிருந்தால் அதே பணத்தில் வேறு பயிற்சி நடந்திருக்கும்.

இன்னொரு பொருத்தம் இதைவிட முக்கியமானது. 45ஆம் நாள் முதல் களைக்கொத்து, 60ஆம் நாள் இரண்டாவது கொத்தோடு மண் அணைப்பு என்பது உருளைக்கிழங்குக்கு எப்போதும் சொல்லப்படும் கணக்கு. புழு தெரியும் நாளும் மண் அணைக்கும் நாளும் ஒன்றே. அன்று கொத்தைப் பிடித்து வரிசை வரிசையாகச் செடியின் அடியைத் திறக்கிறவர்கள் கூலிக்கு வரும் பெண்கள். அவர்களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் உண்டு, சமவெளியிலிருந்து மலையேறியவர்களும் உண்டு. கேரட் எடுப்புக் காலத்தில் விடியுமுன்னே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு காட்டில் இறங்குகிறவர்களும் இவர்களே. பத்தரை மணிக் கூட்டத்துக்கு இவர்களுக்கு அழைப்பும் வராது, வந்தாலும் கூலியை விட்டுவிட்டு உட்கார முடியாது. ஒரு போகத்தில் ஆயிரக்கணக்கான வேர்களைக் காண்பவர்கள், எதைக் காண்கிறோம் என்று சொல்லப்படாதவர்கள்.

இதற்கு ஏற்ற பயிற்சி முறை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1989இல் இந்தோனேசியாவில் நெல்லுக்காகத் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி, போகம் முழுக்க வயலிலேயே கூடிப் பார்த்துப் பேசிக் கற்கும் முறை. உருளைக்கிழங்கின் தாயகமான பெருவில் இலைக்கருகலுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். நம் அட்மா திட்டத்திலும் பண்ணைப் பள்ளிக்கு இடம் இருக்கிறது. நடவன்று ஒரு முறை, மண் அணைப்பன்று ஒரு முறை, கிழங்கு எடுப்பன்று ஒரு முறை என்று ஒரே தோட்டத்தில் மூன்று கூடல் போதும். மண் அணைப்பு நாளில் வந்த பெண்களுக்கு அன்றைய கூலியைப் பயிற்சிச் செலவிலிருந்தே கொடுத்துவிடலாம். சாப்பாட்டுப் பொட்டலத்துக்கும் ஃபிளெக்ஸ் பலகைக்கும் கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இதற்கு ஒரு தலைப்பு கண்டுபிடிப்பது கஷ்டமா என்ன?

கையில் செய்துகாட்டக்கூடிய சோதனையும் இருக்கிறது. சந்தேகப்படும் திட்டிலிருந்து ஒரு பிடி மண்ணை நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கி அரை நிமிடம் விட்டால் மண் அடியில் தங்கும். உலர்ந்த முட்டைக்கூட்டுக்குள் காற்று இருப்பதால் அது சருகோடும் குப்பையோடும் மிதக்கும். மேல்நீரை வெள்ளைத் துணியில் வடித்துக் கைலென்ஸை வைத்துப் பார்த்தால், களைவிதைகளுக்கு நடுவே வழுவழுப்பான பழுப்பு உருண்டைகள் தென்படும். ஊசியால் ஒன்றை நசுக்கினால் உள்ளிருந்து முட்டைகள் பிதுங்கும். இதைச் செய்துகாட்டிய ஒரு தோட்டத்தில், களைவிதை எது, கூடு எது என்று முதலில் பிரித்துச் சொன்னவர் தோட்டக்காரர் இல்லை; கொத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டிப்பார்த்த ஒரு மூதாட்டி. "இது வேரில் ஒட்டியிருக்குமே, நான் உரம் என்றல்லவா நினைத்தேன்" என்றார். பொன்மஞ்சள் குருணையை உரம் என்று எண்ணுவதில் வியப்பில்லை. நூற்புழுவைப் பல போகங்களாக அவர் பார்த்துவந்திருக்கிறார்.

இந்தக் கடைபோகத்துக்கு

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் நட்டால் 60ஆம் நாள் அக்டோபர் கடைசி வாரத்தில் வரும். வடகிழக்குப் பருவமழை இறங்கும் வேளை. குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் ஈரம் அதிகம். மழை விட்ட காலையில்தான் வேர் பார்க்க முடியும் என்பதால், பயிற்சிக்கு ஒரே தேதி குறிக்காமல் ஒரு வாரத்தைக் குறித்துவிட்டு, வெள்ளிக்கிழமை வானிலை அறிக்கையைப் பார்த்து நாளை முடிவுசெய்வது நடைமுறைக்கு ஒத்துவரும். வார அறிக்கைக்கு இங்கும் ஒரு வேலை இருக்கிறது. அதில் "நட்டு 60 நாள் ஆன தோட்டங்களில் குன்றிய செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்" என்று ஒரு வரி சேர்க்கச் செலவே இல்லை.

செடியை வெடுக்கென்று இழுத்தால் உருண்டைகள் மண்ணிலேயே உதிர்ந்துவிடும். கொத்தால் சுற்றிலும் தளர்த்தி, வேரோடு மண்ணைக் கட்டியாக எடுத்து, மெல்ல உதறிப் பார்க்க வேண்டும். திட்டின் நடுவில் செத்துக்கொண்டிருக்கும் செடியைவிட ஓரத்தில் அரைகுறையாக வளர்ந்த செடியில் புழு அதிகம் தெரியும். நடுவில் உண்ண வேர் மிச்சமிருக்காது.

மண் பயணம் செய்யும் வழிகளையும் அன்றே காட்டிவிடலாம். மண் ஒட்டிய விதைக்கிழங்கு, மேட்டுப்பாளையம் போய்த் திரும்பிவரும் பழைய சாக்கு, ஒரு தோட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் பவர் டில்லர், கேரட் கழுவும் இடத்தில் ஓடும் சேற்றுநீர். சரிவில் மண் கரைந்தால் மேல்தோட்டத்துக் கூடு கீழ்த்தோட்டத்துக்கு இறங்கும்; 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டர் மழை கொட்டியதைப் பார்த்தவர்களுக்கு எவ்வளவு மண் இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சரிவுக்குக் குறுக்கே பார் பிடிப்பது மண்ணைக் காப்பதோடு புழுவையும் நிறுத்திவைக்கும்.

புழு இருப்பது உறுதியான திட்டின் நான்கு மூலையிலும் கழி நட்டுவைக்க வேண்டும். கிழங்கு எடுத்தபின் அந்த இடம் மற்ற மண்ணைப் போலவே இருக்கும், ஒருவருக்கும் நினைவிருக்காது. அடுத்த போகத்துக்கு ஓட்ட வரும் டில்லர்காரரிடம் கழிக்கு உட்பட்ட இடத்தைக் கடைசியாக ஓட்டச் சொல்லி, வண்டி தோட்டத்தை விட்டுப் போகுமுன் கத்திகளில் ஒட்டிய மண்ணை அங்கேயே கழுவிவிட வேண்டும்.